சின்ன லேத்தில் வட்டமான துளை: சப்பரச் சக்கரத்தின் குடத்தை முன்வைத்து ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் சிக்கலை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உங்கள் கோயிலில் தைப்பூசக் காவடிக்கு இழுக்கும் சிறிய சப்பரத்துக்கு நான்கு சக்கரங்கள் செய்கிறீர்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அலுமினியக் குடத்திலும், அதாவது அச்சு நுழையும் நடுப்பகுதியிலும், 35 மி.மீ. வெளிவிட்டமுள்ள இரண்டு 6202 பேரிங்குகள் உட்கார வேண்டும். குடத்தின் வெளிவிட்டம் 48 மி.மீ., நீளம் 45 மி.மீ., துளை 35 மி.மீ. குடத்தை உங்கள் சின்ன லேத்தின் (கடைசல் எந்திரம்) மூன்று தாடைச் சக்கில் (வேலைப்பொருளைக் கவ்விச் சுழற்றும் பிடிப்பான்) இறுகப் பிடித்து, முனையில் உளி பொருத்திய 8 மி.மீ. போரிங் பாரை 60 மி.மீ. வெளியே நீட்டி, உளியைக் கையால் நகர்த்தும் டாப் ஸ்லைடின் கைப்பிடியைச் சுழற்றித் துளையைப் பெரிதாக்கினீர்கள். துளையின் வாய் அடிப்புறத்தைவிட 0.06 மி.மீ. பெரிதாக வந்தது. சுவரில் அலை அலையாகத் தழும்பு விழுந்தது. வெர்னியர் காலிபர் 35.00 என்று காட்டிய இடத்திலும் பேரிங் ஆடுகிறது. விலை கூடிய போரிங் பார் ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் துளைக்கு மூன்று நோய்கள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்றுக்குத்தான் போரிங் பார் பொறுப்பு. பேரிங் ஆடுவது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் நேட்டால் கரையோரத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் பட்டறையில் ஃபிட்டர் அண்ட் டர்னராக வேலை கற்றவன். பழகுநராக இருந்த காலத்தில் ஒரு நாள், நான் கடைந்த பித்தளை வளையத்தை ஃபோர்மன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்விட்டத்தை அளந்து சொல் என்றார். சுற்றிலும் பன்னிரண்டு இடங்களில் அளந்தேன். பன்னிரண்டிலும் ஒரே எண். பெருமையோடு சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு உருண்டை எஃகுக் கட்டையை அதற்குள் நுழைத்து, சன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். கட்டைக்கும் வளையத்துக்கும் இடையே மூன்று இடங்களில் பிறை போல வெளிச்சம் தெரிந்தது. மூன்றும் சமதூரத்தில் இருந்தன. சக்கின் தாடைகள் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் குடத்துக்கும் இதுவே நடந்திருக்கிறது. 6.5 மி.மீ. தடிமனுள்ள அலுமினியச் சுவரை மூன்று தாடைகள் இறுக்கும்போது, தாடை படும் இடங்களில் சுவர் உள்ளே அமுங்குகிறது. இடைப்பட்ட இடங்களில் வெளியே புடைக்கிறது. அந்த நிலையில் உளி சுவரைச் சரியான வட்டமாகச் சீவுகிறது. தாடையைத் தளர்த்தியதும் உலோகம் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது; வட்டமாக இருந்த துளை மூன்று மூலை கொண்டதாகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு எளிதில் போய்விடும், பேரிங் ஆடுவதற்கு அது போதும்.

வெர்னியர் இதை ஏன் காட்டவில்லை என்பதுதான் பலருக்கும் பிடிபடாத செய்தி. ஒரு பக்கம் புடைத்திருந்தால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு அமுங்கியிருக்கும். ஆகவே எதிரெதிரான இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் எங்கே அளந்தாலும் ஒன்றேதான். பிரிட்டனின் 50 பென்ஸ் நாணயத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏழு பக்கம் கொண்ட அந்த நாணயத்தை எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் அகலம் மாறாது, ஆனால் அதை யாரும் வட்டம் என்று சொல்லமாட்டார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் மூலை விழுந்த துளையை, இரண்டு புள்ளிகளில் தொடும் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. வெர்னியரும், துளைக்குள் நீண்டு இருபுறமும் தொடும் டெலிஸ்கோப் கேஜும் இந்த விஷயத்தில் ஒரே இனம்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடைந்து முடித்ததும் குடத்தைச் சக்கிலிருந்து எடுக்காமல், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரின் முனையைத் துளையின் சுவரில் வைத்து, சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். முள் அசையாது, உளி இப்போதுதானே அந்தச் சுவரைச் சீவியது. பிறகு தாடைகளைத் தளர்த்தி, குடம் விழாத அளவுக்கு மட்டும் மெல்லப் பிடித்து, மறுபடியும் சுற்றுங்கள். ஒரு சுற்றில் முள் மூன்று முறை ஏறி இறங்கினால் நோய் இதுதான். ஒரே ஒரு முறை ஏறி இறங்கினால் கவலை வேண்டாம். குடம் நடுவிலிருந்து சற்று நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

இந்த இடத்தில் இன்னொரு தவறான எண்ணத்தையும் தள்ளிவிட வேண்டும். சக் நடுவில் ஓடவில்லை, ஆகவே துளை வட்டமாக வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சக் அரை மில்லிமீட்டர் விலகி ஓடினாலும் துளை வட்டமாகவே வரும், ஏனெனில் துளையின் வட்டத்தை நிர்ணயிப்பது ஸ்பிண்டில் சுழலும் அச்சு. சக்கு வேலைப்பொருளைச் சுமப்பதோடு சரி. சக் விலகி ஓடினால் துளைக்கும் குடத்தின் வெளிப்புறத்துக்கும் நடு ஒத்துவராது. லேத்தைப் பொறுத்தவரை, ஸ்பிண்டிலின் பேரிங்குகள் தளர்ந்திருந்தால்தான் வட்டம் கெடும். உங்களுடையது போன்ற சின்ன லேத்துகளில் பெரும்பாலும் சாதாரணக் குண்டு பேரிங்குகளே போட்டு வருகின்றன. பலர் அவற்றைக் கழற்றிவிட்டு டேப்பர் ரோலரோ ஆங்குலர் கான்டாக்டோ போடுகிறார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்தல்ல.

மருந்து, வேலையின் வரிசையை மாற்றுவதில் இருக்கிறது. நீங்கள் வெளிப்புறத்தை 48 மி.மீ.க்குக் கடைந்துவிட்டு, மெலிந்த சுவரைப் பிடித்து உள்ளே கடைந்தீர்கள். மீதமுள்ள மூன்று குடங்களுக்கும் 65 மி.மீ. உருண்டையை எடுத்து, சுவர் தடித்திருக்கும்போதே துளையை முடித்துவிடுங்கள். 15 மி.மீ. தடிமனுள்ள சுவர் தாடைக்கு அவ்வளவு எளிதில் வளையாது. பிறகு ஒரு மாண்ட்ரல் (துளைக்குள் பொருந்தும் தண்டு) செய்து, துளைக்குள் நுழைத்து, பக்கவாட்டில் வாஷரும் நட்டும் வைத்து இறுக்கி, வெளிப்புறத்தைக் கடையுங்கள். நடுவும் தானாக ஒத்துவரும். பக்கவாட்டு இறுக்கம் வட்டத்தைக் கெடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சக்குக்குப் பதில் மாட்டும் தட்டையான ஃபேஸ் பிளேட்டில் குடத்தைப் படுக்கவைத்து, முகத்தின்மேல் கிளாம்ப் போட்டுக் கடைவதும் இதே காரணத்தால் நல்ல வழி. ஏற்கெனவே மெலித்துவிட்ட முதல் குடத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் துளை 35-ஐத் தாண்டிவிட்டதால் மெல்லிய எஃகு புஷ் (உட்குழல்) ஒன்றை இறுக்கி நுழைத்து அதன் உட்புறத்தைக் கடையுங்கள்; 48 மி.மீ. உள்விட்டமுள்ள தடித்த வளையம் ஒன்றை ஓரிடத்தில் ரம்பத்தால் கீறி, அதற்குள் குடத்தை வைத்துத் தாடையால் பிடித்தால் அழுத்தம் சுற்றிலும் பரவும்.

எந்த முறையில் பிடித்தாலும், கரடுமுரடான கடைசல் முடிந்ததும் தாடைகளை ஒருமுறை முழுக்கத் தளர்த்தி, வேலைப்பொருள் ஆறியபின் முன்னைவிட மென்மையாகப் பிடித்துக் கடைசி வெட்டுகளை எடுங்கள். இதற்கு ஆகும் பத்து நிமிடத்தை நான் எந்த அவசரத்திலும் மிச்சப்படுத்தியதில்லை.

அடுத்தது, வாய் பெரிதாகவும் அடி சிறிதாகவும் வந்த 0.06 மி.மீ. இதற்கு போரிங் பாரைக் குற்றம் சொல்ல முடியாது. பார், அதைப் பிடித்திருக்கும் டூல் போஸ்ட்டிலிருந்து நீண்டிருக்கும் தூரம் துளையின் வாயிலும் அடியிலும் ஒன்றுதான். வெட்டும் ஆழம் மாறாதவரை பார் வளைவதும் ஒரே அளவுதான். வளைந்த பார் துளையைச் சிறிதாக்கும், கூம்பாக்காது. கூம்பாக்கியது உங்கள் டாப் ஸ்லைடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.06 மாற வேண்டுமானால் டாப் ஸ்லைடு வெறும் 0.04 பாகை கோணலாக இருந்தால் போதும். அதன் அடியில் பொறித்துள்ள பாகைக் கோடு ஒவ்வொன்றின் தடிமனே அதைவிடக் கூடுதல். கண்ணால் பார்த்துப் பூஜ்யத்தில் நிறுத்திய டாப் ஸ்லைடை நம்பி நேரான துளை கடைவது நடக்காத காரியம். துளையை, லேத்தின் படுக்கைமேல் நீளவாக்கில் ஓடும் சாடிலை ஓட்டித்தான் கடைய வேண்டும். முடிந்தால் சாடிலைத் தானாக நகர்த்தும் லீட் ஸ்க்ரூவைக் கோத்து, ஒரு சுற்றுக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரை தானாக நகரும்படி விடுங்கள். டாப் ஸ்லைடின் கிப் திருகுகளை (ஆட்டத்தைக் குறைக்கும் திருகுகள்) இறுக்கி, அது அசையாதபடி பூட்டிவிடுங்கள்.

சாடிலை ஓட்டியும் கூம்பு விழுந்தால் அப்போது லேத்தைச் சந்தேகிக்கலாம். 30 மி.மீ. தடிமனுள்ள ஓர் உருண்டையைச் சக்கில் 100 மி.மீ.க்கு மேல் நீட்டிப் பிடித்து, மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கின் துணையில்லாமல், இரண்டு முனைகளிலும் ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் மேடு விட்டு, நடுவைக் குறைத்துவிடுங்கள். பிறகு இரண்டு மேடுகளையும் ஒரே அமைப்பில் மிக மெல்லிய வெட்டாகச் சீவி, மைக்ரோமீட்டரால் அளந்தால், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட் ஸ்டாக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைத் திருத்தப் போகுமுன் லேத்தின் கால் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு ஒருமுறை சோதியுங்கள். மரப்பலகை மேசையில் நான்கு போல்ட்டுகளையும் முறுக்கி இறுக்கினால் மெல்லிய படுக்கை முறுக்கிக்கொள்ளும். இங்கே கோடை மழையில் பலகை ஊதும்போது அந்த முறுக்கும் மாறும். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என் வீட்டுக் கராஜில் இருக்கும் லேத் சனவரியில் ஒரு கணக்கும் சூலையில் ஒரு கணக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அடியில் எஃகுத் தகடு போட்டபிறகுதான் அடங்கியது.

இனி அந்த அலைத் தழும்பு. இதற்கு மட்டும்தான் பார் பொறுப்பு. ஒரு முனையில் பிடித்த பார் வளைவது, நீட்டிய தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். விட்டத்தின் நான்மடிக்கு ஏற்பக் குறையும். உளியின் முனையில் 50 நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசை என்று வைத்துக்கொண்டால், 60 மி.மீ. நீட்டிய 8 மி.மீ. எஃகுப் பார் 0.09 மி.மீ. வளையும், 12 மி.மீ. பார் 0.018 வளையும், 16 மி.மீ. பார் 0.006 மட்டுமே வளையும். எட்டிலிருந்து பதினாறுக்குப் போனால் பதினாறு மடங்கு விறைப்பு. 35 மி.மீ. துளைக்குள் 16 மி.மீ. பார் தாராளமாகப் போகும். சுருள் விழவும் இடம் இருக்கும். எஃகுப் பாரை அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீட்டக்கூடாது என்பது பட்டறை வழக்கு. உங்கள் 8 மி.மீ. பார் ஏழரை மடங்கு நீண்டிருந்தது.

விலை கூடிய பார் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. சாதாரண எஃகும் கடினமாக்கிய எஃகும் வளைவதில் ஒன்றே. கடினமாக்குவதால் தேய்மானம் குறையுமே தவிர விறைப்பு கூடாது. கார்பைடுப் பார் மட்டுமே எஃகைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது, ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்தில் பதினாறு மில்லிமீட்டர் எஃகு உருண்டையைக் கட்டுக்கட்டாக வாங்கலாம். ஓர் உருண்டையின் முனையில் குறுக்கே துளையிட்டு, 5 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) துண்டை உளியாகச் செருகி, ஒரு சிறு திருகால் இறுக்கினால் உங்கள் பார் தயார்.

சின்ன லேத்தின் டூல் போஸ்ட்டில் 16 மி.மீ. பார் நுழையாது என்பீர்கள். டூல் போஸ்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் அலுமினியக் கட்டியைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். துளையிடும் டிரில்லைச் சக்கில் பிடித்து, சாடிலைத் தள்ளிக் கட்டியைத் துளையுங்கள், 15.5 வரை டிரில், பிறகு 16 மி.மீ. ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி). துளை ஸ்பிண்டிலின் நடு உயரத்திலேயே விழும், தகடு வைத்து உயரம் சரிபார்க்கும் வேலையே இல்லை. பிறகு பக்கவாட்டில் துளைவரை ரம்பத்தால் அறுத்து, இரண்டு திருகுகள் போட்டால் பாரைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும். உளியின் முனை நடுவுக்கு ஒரு மயிரிழை, 0.1 மி.மீ. அளவு, மேலே இருக்கட்டும். வெட்டும்போது பார் கீழ்நோக்கி வளையும்; நடுவுக்குக் கீழே போய்விட்டால் துளைக்குள் உளியின் குதிகால் சுவரில் உராயத் தொடங்கிவிடும்.

முனையின் வளைவு ஆரம் 0.2 மி.மீ. போதும். பெரிய ஆரம் அழகான மேற்பரப்பைத் தரும் என்று நினைத்து அகலமாகத் தீட்டினால், அது பாரைச் சுவரிலிருந்து தள்ளும், தழும்பு திரும்பி வரும். வேகம் நிமிடத்துக்கு 600 சுற்றுப் போதும், 35 மி.மீ. விட்டத்தில் அது நிமிடத்துக்கு 66 மீட்டர். அலுமினியம் இன்னும் தாங்கும், ஆனால் சின்ன லேத் தாங்காது. அதிர்வு எழுந்தால் வேகத்தைக் குறையுங்கள், நகர்வைக் கூட்டுங்கள். புதியவர்கள் பயந்துபோய் நகர்வைக் குறைப்பார்கள். உளி வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கும், சத்தம் இன்னும் கூடும். உளியில் அலுமினியம் ஒட்டாமலிருக்க ஒரு தூரிகையால் பாரஃபின் (மண்ணெண்ணெய்) தொட்டுத் தடவுங்கள்.

பாரை இரண்டு முனையிலும் தாங்கினால் என்ன என்ற எண்ணம் புதிதல்ல. இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன் 1770-களில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்குச் சிலிண்டர் கடைந்து கொடுத்தது அப்படித்தான். அதுவரை ஒற்றை முனையில் தொங்கிய பாரால் கடைந்த சிலிண்டர்களில் பிஸ்டனைச் சுற்றி ஆவி ஒழுகிக்கொண்டிருந்தது. நம் லேத்திலும் சென்டர்களுக்கு (இரு முனையையும் தாங்கும் கூர்முனைகள்) இடையே பாரைச் சுழலவிட்டு, வேலைப்பொருளைச் சாடிலில் கட்டிக் கடையலாம். அப்படிக் கடைந்த துளை கூம்பாகாது. சாடில் கோணலாக ஓடினால் சற்றே முட்டை வடிவம் பெறும், அவ்வளவுதான். சக்கில் பிடிக்க முடியாத பெரிய வார்ப்புகளுக்கு அந்த முறையை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடத்துக்குத் தேவையில்லை.

இப்போது அளவுக்கு வருகிறேன். நீங்கள் 35.00 என்று குறி வைத்ததே தவறு. அச்சு நிற்க, குடம் சுழலும் சக்கரத்தில், பேரிங்கின் வெளிவளையம் துளைக்குள் இறுகி நிற்க வேண்டும். தளர்ந்திருந்தால் அது துளைக்குள் மெல்ல ஊர்ந்து சுவரைத் தின்றுவிடும். இதற்கு எடுக்கும் பொருத்தம் என்7 என்ற தர அளவு; 35 மி.மீ.க்கு அதன் எல்லை 34.967 முதல் 34.992 வரை. 6202-இன் வெளிவிட்டம் 35.000-க்கும் 34.989-க்கும் இடையில் இருக்கும். ஆகவே 34.98-ஐக் குறி வையுங்கள். இறுகிய பொருத்தம் பேரிங்கின் உள் இடைவெளியைக் குறைக்கும் என்பதால் சி3 (உள் இடைவெளி சற்றுக் கூடிய வகை) என்று குறித்த பேரிங்காகப் பார்த்து வாங்குங்கள்.

அளப்பதற்கு வெர்னியரை விட்டுவிடுங்கள். அதன் உள்தாடைகளின் விளிம்பு தட்டையாக இருப்பதால் துளையை எப்போதும் சற்றுச் சிறிதாகவே காட்டும். ஓர் எஃகு உருண்டையில் 34.90, 34.94, 34.98 என்று மூன்று படிகள் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளந்து, படிகளின் அளவை அதன் பின்புறத்தில் குறித்துவையுங்கள். வெளிவிட்டத்தைச் சரியாக அளப்பது எளிது. அந்த நம்பிக்கையை, படிகள் கொண்ட இந்தக் கட்டை துளைக்குள் கொண்டுசெல்கிறது. மூன்று மூலைத் துளைக்குள் இது நுழையாது என்பது கூடுதல் லாபம். இடைப்பட்ட வெட்டுகளுக்கு டெலிஸ்கோப் கேஜ் போதும்.

கடைசி மூன்று வெட்டுகள் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். துளை 34.50-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் 0.16 கூடும்படி டயலைத் திருப்பினால் 34.64 என்று வரும், 0.02 பாரின் வளைவில் போய்விட்டது. மறுபடி அதே 0.16 திருப்பினால் இந்த முறை முழுதாகக் கிடைக்கும், 34.80, ஏனெனில் முன்னர் வளைந்த அளவே இப்போதும் வளைகிறது. மீதி 0.18. கடைசி வெட்டை 0.05 என்று மிக மெல்லியதாக எடுக்க ஆசைப்பட்டால் வளைவு தளர்ந்து, நினைத்ததைவிடப் பெரிதாகச் சீவிவிடும். உளியைக் குறுக்கே நகர்த்தும் உங்கள் கிராஸ் ஸ்லைடின் டயல் ஆரத்தைக் காட்டுகிறதா விட்டத்தைக் காட்டுகிறதா என்பதை ஒரு வெட்டு எடுத்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் ஒருமுறை இரட்டிப்பாக எடுத்து ஒரு நல்ல வெண்கலத் துண்டைப் பாழாக்கியிருக்கிறேன்.

சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள். 35 மி.மீ. அலுமினியத் துளை 30 பாகை சூடேறினால் 0.024 மி.மீ. விரியும், உங்களுக்கு அனுமதித்திருக்கும் மொத்த எல்லையே 0.025 தான். கையில் வெதுவெதுப்பு தெரிந்தால் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) இருந்தால் அதன் அட்டவணையையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 2023-இல் என் கடைசி வெட்டின் நடுவில் மின்சாரம் போய், உளி நின்ற இடத்தில் விழுந்த வளையத்தை என்னால் நீக்கவே முடியவில்லை.

ஒரு கேள்வி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும்: இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் மேடு விட்டு, குடத்தைத் திருப்பிப் பிடித்து இரண்டு பக்கமும் தனித்தனியே கடையலாமா? கூடாது. திருப்பிப் பிடித்ததும் நடு மாறிவிடும். 35 மி.மீ. துளையை ஒரே பிடியில் முழு நீளத்துக்கும் ஊடுருவக் கடைந்து, நடுவில் ஒரு குழாய்த் துண்டை இடைவெளிக்குப் போட்டு, இரண்டு முனையிலும் சர்க்ளிப் (பேரிங் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) வையுங்கள்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம். குடத்தைச் சமையலறை ஓவனில் 110 பாகைக்குச் சூடாக்கினால் துளை 0.07 மி.மீ. அளவுக்கு விரியும், அறையின் வெப்பத்தில் இருக்கும் பேரிங் கையாலேயே இறங்கிவிடும். ஒரு பேரிங், குழாய்த் துண்டு, மறு பேரிங் என்று மூன்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டுதான் ஓவனைத் திறக்க வேண்டும், ஏனெனில் குளிர்ந்த பேரிங் உள்ளே போனதும் குடமும் விரைவாக ஆறும். குடத்தில் ஒட்டியிருக்கும் பாரஃபினைச் சோப்பும் வெந்நீரும் போட்டு முழுக்கக் கழுவி, துடைத்து, காயவைத்தபிறகே ஓவனுக்குள் வையுங்கள். தீப்பிடிக்கக்கூடியது என்பதோடு, எங்கள் வீட்டில் அந்த மணம் ஒரு வாரம் ரொட்டியில் இருந்தது.